சம்பந்தியம்மா வீட்டுப் பூசணி இனிப்பு

மருமகளுக்கு ஏழாவது மாசம். வளைகாப்பு வைக்கணும் என்றேன். வேணாம் என்றாள்.

"ஏன்?"

"அம்மா வீட்டுல இருந்து தட்டு வரணுமாம் அத்தை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. எனக்கு யாரு கொண்டு வருவா?"

அவள் அம்மா இருப்பது மெக்சிகோவில். காலில் ஆபரேஷன். வர முடியாது. என் மகனும் இவளும் ஒரே கப்பலில் சமையல் வேலை பார்த்தவர்கள். அவன் காய்கறி வெட்டுவான், இவள் இனிப்பு செய்வாள். கல்யாணம் முடிந்து மலேசியாவில், ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்களோடுதான் இருக்கிறார்கள். தமிழ் என்னிடம் கற்றது. அதனால் என்னை மாதிரியே பேசுவாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "உங்க ஊருல விசேஷத்துக்கு என்ன இனிப்பு?" என்று கேட்டேன்.

சொல்ல ஆரம்பித்தாள். ஆட்டுப் பாலில் சீனி போட்டு, செம்மண் நிறம் வரும் வரை அரை நாள் கிண்டுவது ஒன்று. தேங்காய்த் துருவலில் ஒன்று. புளியில் சீனி, உப்பு, மிளகாய்த் தூள் சேர்த்து உருட்டுவது ஒன்று.

"புளியில மிளகாத் தூளா? அத நாங்க ரப்பர் தோட்டத்துல பள்ளிக்கூடம் போற வழியிலயே திம்போம்லா. இதுக்கா கப்பல் ஏறி வந்த?"

சிரித்தாள். பிறகு பூசணிக்காய் இனிப்பு என்றாள். மேலே கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும், எல்லா விசேஷத்துக்கும் அம்மா செய்வாங்க என்றாள்.

"அதச் செய்வோம். தட்டு வரும்," என்றேன். வளைகாப்புக்குப் பத்து நாள் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணி. அங்கே முதல் நாள் சாயங்காலம். போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்தோம். சம்பந்தியம்மா வந்தார். காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பேச, மருமகள் தமிழில் சொன்னாள்.

முதலில் பூசணிக்காயை வெட்டணும். மருமகள் கத்தியை எடுத்தாள். பிடுங்கினேன்.

"மாசமா இருக்கிறவ பூசணி வெட்டறத பாக்கவே கூடாது. உள்ள போ."

"நான் போனா யாரு அத்தை பேச்ச மாத்திச் சொல்றது?"

அதுவும் சரிதான். அவளைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். நானும் வெட்ட முடியாது. எங்கள் வழக்கத்தில் முழுப் பூசணியில் முதல் வெட்டு ஆம்பளை போடணும். வீட்டுக்காரர் வாசலில் லோரி கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். கையைத் துடைத்துவிட்டு வந்து ஒரே போடு.

போனில் சம்பந்தியம்மா என்னமோ கேட்டார். மருமகள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க வீட்டுல கத்திய மாமாவுக்கு மட்டும்தான் குடுப்பீங்களான்னு கேக்குறாங்க."

"ஒரு வெட்டுக்குத்தான்னு சொல்லு. மிச்சம் அம்புட்டும் நாங்கதான்."

அந்த அம்மா அப்படிச் சிரித்தார்.

அடுத்தது ஒரு வெள்ளைத் தூளைக் காட்டினார். மருமகளுக்குத் தமிழில் பேர் தெரியவில்லை. "செவுத்துல பூசுவாங்க," என்றாள். சுண்ணாம்பு. பக்கத்து வீட்டு அக்கா வெற்றிலை போடுகிறவர். அவரிடம் வாங்கி வந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேல் தண்ணீரில் துண்டுகளைப் போடணும். காலையில் போட்டு சாயங்காலம் எடுத்தால் வெளிப்பக்கம் இறுகியிருக்கும். ஆறு தண்ணீர் மாற்றிக் கழுவி, முள்கரண்டியால் குத்தி, சீனிப் பாகில் போட்டுக் கொதிக்க விட்டு, இறக்கி மூடிவிடணும். மறுநாளும் கொதி. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் பாகு உள்ளே இறங்கும், காய் நிறம் மாறும். அவசரப்பட்டால் சுருங்கிப் போகும்.

பிறகு வெயில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. மத்தியானம் தாண்டினால் வெயிலை மறைத்துவிடும். மழை வேறு. தட்டை லோரி மேல் ஏற்றி, மலை மறைக்காத திடலுக்கு ஓட்டிப் போய்க் காய வைத்தார் வீட்டுக்காரர். போகிறவர்கள் எல்லாம் கேட்டார்களாம், "என்ன அண்ணே, லோட் இவ்வளவுதானா?"

அஞ்சாம் நாள் காய்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. மருமகளிடம் ஒரு துண்டு கொடுத்தேன்.

மென்றாள். "நல்லா இருக்கு அத்தை."

முகம் நல்லா இல்லை.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல."

நான் ஒன்று எடுத்துக் கடித்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஏலக்காய். யாரும் சொல்லவில்லை. பாகு கொதிக்கும்போது கை தானாகப் போய் ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறது. நாற்பது வருஷமாகப் பாகு வைத்த கை. இப்போது அந்த இனிப்பு என் வீட்டு இனிப்பு. அவள் அம்மா வீட்டுது இல்லை.

"பரவால்ல அத்தை. இதையே வைக்கலாம்."

"வைக்க முடியாது."

இன்னும் அஞ்சு நாள்தான். இன்றைக்கே ஆரம்பித்தால் வளைகாப்புக்கு முதல் நாள் முடியும். மழை வந்தால் முடியாது. வீட்டுக்காரர் காய் வாங்கப் பாசாருக்குப் போனார். திரும்பி வந்து வெட்டினார்.

"இன்னொரு தடவ ஏலக்கா போட்ட, லோரி வராது," என்றார்.

ஏலக்காய் டப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். "விசேஷம் முடியற வரைக்கும் வச்சிருங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த முறை சம்பந்தியம்மா சொன்னது மட்டும். பாகில் பட்டை. அதுவும் கையால் நொறுக்கினால் நொறுங்குகிற மெல்லிய சிலோன் பட்டை. ஈப்போ டவுனில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். நாலாம் நாள் மழை. தட்டுகளை லோரிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றி விட்டோம். அஞ்சாம் நாள் நல்ல வெயில். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை. ருசி பார்க்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் சரியா இல்லையா என்று.

வளைகாப்பன்று வீடு நிறைய ஆள். மருமகள் பட்டுப்புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். கண் வாசலையே பார்த்தது. நான் பின்வாசல் வழியாக வெளியே போய், ரோட்டைச் சுற்றி, முன்வாசலுக்கு வந்தேன். ஒரு கையில் இனிப்புத் தட்டு. இன்னொரு கையில் போன். போனில் சம்பந்தியம்மா, தலையில் பூ வைத்துக்கொண்டு.

நாத்தனார் ஒருத்தி வாசலில் மறித்தாள். "நீங்க மாப்பிள்ளை வீடுலா. தட்டோட எங்க வாறீங்க?"

"இன்னைக்கு நான் பொண்ணு வீடு. வழி விடு."

உள்ளே சிரிப்பு. பக்கத்து வீட்டு அக்கா குலவை போட்டார். மருமகளுக்குச் சந்தனம் பூசி, அவள் அம்மா சார்பில் முதல் வளையலை நான் போட்டேன். பிறகு தட்டை நீட்டினேன்.

எடுத்துக் கடித்தாள். மேல்தோல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மெல்லவே இல்லை. வாயில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்து அவள் பாஷையில் என்னமோ சொன்னாள். அந்த அம்மா அங்கே அழ, இவள் இங்கே அழுதாள். மகனிடம் கேட்டேன், என்ன சொன்னாள் என்று.

"நீங்க எப்பம்மா வந்தீங்கன்னு கேக்குறா."

வந்தவர்களுக்குக் கொடுக்கத் தட்டை எடுக்கப் போனேன். மருமகள் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு லட்டு குடுங்க அத்தை," என்றாள். வாய் நிறைய பூசணி.

லட்டு எடுக்க உள்ளே போனேன்.