அம்மாவுக்கு அடுத்த சொல்

எழுத்துகளைக் கலைத்துப்போட்டாலும் சொல்லைப் படித்துவிடலாம் என்று என் மகன் ஒருநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடத்தில் இருந்தால் போதும், நடுவில் இருப்பதை மூளையே சரிசெய்துகொள்ளுமாம். அவனுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரிந்த விஷயம். எண்பதுகளில், தாராவியில் எங்கள் வீட்டில் வைத்தே தெரிந்துகொண்டேன். அதில் நஷ்டம் சித்திக்கு.

ஒரே அறை, மேலே ஒரு பரண். அதில்தான் நாங்களும் சித்தப்பா குடும்பமும். அப்பாவும் சித்தப்பாவும் விடிந்ததும் தோல் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் எழுத்து தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சித்தியின் அண்ணன் மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் போடுவார். சித்தப்பாவிடம் கொடுத்தால், கண்ணை ஓட்டிவிட்டு எல்லாரும் சுகம் என்று மடித்துவிடுவார். சித்திக்கோ வரிவரியாகக் கேட்க வேண்டும். அதனால் வாசிக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது.

நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்து கற்றது சர்ச்சில், ஞாயிறு பள்ளியில். அங்கே வசனமெல்லாம் முன்பே மனப்பாடம் என்பதால், சொல்லின் தலையைப் பார்த்ததும் வாய் தானாக ஓடும். இந்த வித்தைக்குக் கடிதங்களும் தோதாக இருந்தன. கர்த்தருடைய கிருபையால் இங்கு அனைவரும் சுகம், அம்மா சுகமாயிருக்கிறாள், உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள், லீவுக்கு வரவும் என்று மாதாமாதம் ஒரே பாட்டுதான். வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும், அனைவரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார்கள் எங்கள் ஆட்கள். நான் மூச்சுவிடாமல் படிப்பேன். என்ன வேகமாகப் படிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மெச்சுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். சித்தி கேட்டுச் சந்தோஷப்பட்டாள். நான் படித்து முடித்ததை வேறு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வேலை ஓய்ந்த பிற்பகல்களில், பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்த பழைய கடிதங்களைப் பரப்பிவைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது சித்தியின் பழக்கம். வெள்ளிக்கிழமை நான் பள்ளிவிட்டு வந்ததும் கூப்பிட்டாள். அம்மா என்ற சொல்லின் உருவத்தை மட்டும் எப்போதோ அவளுக்குக் காட்டியிருந்தேன். அதன்மேல் விரல் வைத்திருந்தாள்.

"ஏட்டி, எல்லாத்துலயும் இதுக்குப் பொறவு இம்புட்டுதான் இருக்கு. இதுல மட்டும் நீளமா போவுதே, என்னது?"

எனக்குக் கோபம் வந்தது. மாமா பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறார் என்று சொல்லி, பார்க்காமலே மறுபடியும் அதையே ஒப்பித்தேன். ஓடாதே, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொல் என்றாள். தொட்டுச் சொன்னேன். சுகமில்லாமலிருக்கிறாள் என்று வந்தது. அடுத்த வரியில் லீவு என்ற சொல்லே இல்லை. உடனே வரவும் என்றுதான் எழுதியிருந்தது.

வாசிக்கத் தெரிந்த நான் இருக்க வேண்டியதைப் பார்த்தேன். வாசிக்கத் தெரியாதவள் இருந்ததைப் பார்த்தாள். இதெல்லாம் இப்போது சொல்கிற பேச்சு. அப்போது எனக்கு இருந்தது அடி விழுமோ என்கிற பயம் ஒன்றுதான். சித்தி அடிக்கவில்லை. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சித்தப்பா வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

சனிக்கிழமை தாதரில் ரயில் ஏறி, மெட்ராஸில் வண்டி மாறி, திங்கள்கிழமை மதியம் இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்களாம். சித்தியின் அம்மா வெள்ளிக்கிழமைவரை மகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சனிக்கிழமை பேச்சு நின்றுவிட்டது. சித்தி போனபோது கண் திறந்திருந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை. புதன்கிழமை அடக்கம்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பிய சித்தியிடம் துக்கம் கேட்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு இருக்கும்போதே போயிருக்கக் கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். கடிதம் தபாலில் தாமதமாகிவிட்டது, வெள்ளிக்கிழமைதான் வந்தது என்றாள் சித்தி. எல்லாரும் தபால்காரனைத் திட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாள், கிழமையில் என்னை யாரும் அசைக்க முடியாது.

"இல்ல சித்தி, செவ்வாக்கெழமயே வந்துட்டு. நாந்தான வாசிச்சேன்?"

"வெள்ளிக்கெழமதான்ட்டி," என்றாள் சித்தி, என் முகத்தைப் பார்க்காமல். "நீ சும்மா இரி."

படிக்காதவளுக்குக் கிழமையும் மறந்துபோகும் போல என்று நினைத்தேன். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, அத்தனை பேர் நடுவிலும் அவள் மடியில் வைத்தேன்.