பசுவுக்கும் உரிமை கேட்ட மென்பொருள்

எழுதக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கும் மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது பத்து நிமிட வேலை. அதைப் பிள்ளை பாவிக்க மற்றவர்களிடம் சம்மதம் வாங்குவதுதான் என் தொழில். ஒரே படிவத்தோடு ஒரே அரசாங்கக் கந்தோருக்கு நாலு தரம் போய்வந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறையும் வரும்.

நிறையத் தமிழ் வேண்டும்

இரத்மலானையில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தேன். அதில் பாதிக்கு மேல் தொழிற்சங்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அரசியல், பொருளாதாரம், தமிழ் எல்லாவற்றையும் துண்டுப்பிரசுரங்களில்தான் படித்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கடைசி வேலைநிறுத்தம் தோற்றது. அன்று என்னோடு மேடையில் நின்று தொண்டை கிழியக் கத்திய ஒருவர் இப்போது அதே தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார். எனக்கு மிஞ்சியது தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யும் பத்து விரல்கள். அந்த விரல்களுக்காகத்தான், வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றின் மாடியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு நிலையம் நடத்தும் ஃபர்ஸானா என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மென்பொருள் செய்வது இதுதான். பிள்ளை ஓரெழுத்துத் தட்டினால் திரையின் அடியில் ஐந்து சொற்கள் இலக்கமிட்டு வரும். வேண்டிய இலக்கத்தை அழுத்தினால் முழுச்சொல்லும் விழும், அடுத்த சொல்லுக்கு இன்னும் ஐந்து வரும். கை நடுங்கும் பிள்ளைக்கும் எழுத்து மாறிப்போகும் பிள்ளைக்கும் அது பெரிய ஆறுதல். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை, நாம் கொடுக்கும் தமிழைப் பார்த்து அது பழகிக்கொள்ளும். "நிறையத் தமிழ் வேணும் அக்கா" என்றார் ஃபர்ஸானா. என்னிடம் நிறையத் தமிழ் இருந்தது. பழைய கணினியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த என் துண்டுப்பிரசுரங்கள் அத்தனையையும் அதற்குள் கொட்டினேன்.

இரண்டு கிழமையில் பாமன்கடையிலிருந்து ஒரு தாய் மகனின் கட்டுரையோடு படியேறி வந்தார். 'பசு எமக்குப் பால் தரும். பசுவின் உழைப்பைச் சுரண்டும் முதலாளிகளுக்கு எதிராக அணிதிரள்வோம்' என்றிருந்தது. பிள்ளை களைத்துப்போய் முதலாம் இலக்கத்தையே அழுத்திக்கொண்டு போயிருக்கிறான். நான் சிரித்தேன், தாய் சிரிக்கவில்லை. "ரீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறா அன்ரி, ஆனா வீட்டில ஆர் கட்சியில இருக்கினம் எண்டு கேட்டு விட்டிருக்கிறா."

மார்க்ஸைக் குறைக்கச் சொன்னவள்

ஸ்டெபனி கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கூட வருவது தாய். தாய்க்கு அங்கே ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. ஸ்டெபனிக்குப் பதினைந்து வயது. மூளை கத்தி மாதிரி. கைகள் மட்டும் பிறந்ததிலிருந்தே சொன்னபடி கேட்பதில்லை. பேனாவால் ஒரு பந்தி எழுத ஒரு மணித்தியாலம் போகும், எழுதியதை அவளாலேயே வாசிக்க முடியாது. எங்கள் மென்பொருளில் ஒற்றை விரலால், இலக்கங்களைப் பிடித்துப் பிடித்து, இருபது நிமிடத்தில் அதே பந்தியை முடித்துவிடுவாள்.

அடுத்த வருடம் ஓ.எல்., அரசாங்கப் பொதுப் பரீட்சை. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைத் தரலாம் என்றது பள்ளிக்கூடம். வேண்டாம், லெப்டொப்பில் நானே எழுதுகிறேன், அதற்கு அனுமதி வாங்கித் தாருங்கள் என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கிடைக்காவிட்டால் பரீட்சையே எழுதப்போவதில்லையாம். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். தவணைப் பரீட்சையில் எழுத வந்த அக்கா, பாவம் பார்த்து, அவள் பிழையாகச் சொன்ன மூன்று விடைகளைத் திருத்தி எழுதியிருக்கிறார். இவள் வரலாற்று ஆசிரியையிடம் போய் அந்தப் புள்ளிகளை வெட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஆசிரியை வெட்டவில்லை. "தப்பு பண்ணினாலும் அது என்னோட தப்பா இருக்கணும் ஆன்ட்டி."

உப அதிபரும் நானும்

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். உப அதிபர் நல்ல மனிதர், எனக்கு ஒரு கிளாஸ் பால்தேத்தண்ணி தந்தவர். பக்கத்தில் ஸ்டெபனியை வைத்துக்கொண்டு மென்பொருளைக் காட்டினேன். 'இயந்திரம் சொல்லைக் கொடுத்தால் பரீட்சையை எழுதுவது பிள்ளையா, இயந்திரமா?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு அமைதியாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்றேன். மூக்குக்கண்ணாடி போட்டவர் பரீட்சை எழுதினால் எழுதுவது கண்ணாடியா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்வி யாருடைய சொத்து என்று தொடங்கிவிட்டேன். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. யன்னலில் பிள்ளைகளின் தலைகள் முளைத்தன. ஸ்டெபனி கதிரையில் குனிந்துகொண்டாள். உப அதிபர் என்னுடைய கிளாஸை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்தார். "மிஸ், நீங்க இந்தப் பிள்ளைக்கு அனுமதி கேட்க வந்தீங்களா, இல்ல இங்க கூட்டம் வைக்க வந்தீங்களா?"

வாசிக்க முடியாத ஆதரவு

பரீட்சை நடத்தும் மேலிடத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றது பள்ளிக்கூடம். மேலிடம் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வழி மகஜர். எங்கள் நிலையத்துக்கு வரும் பெற்றோரிடம் கையெழுத்துச் சேர்க்கக் கிளம்பினேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில், வங்கியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒரு தகப்பன் இருந்தார். அவருடைய மகளுக்கும் நான்தான் மென்பொருள் ஏற்றிக் கொடுத்தேன். அன்று லிஃப்டில் பக்கத்து வீட்டம்மாவைக் கண்டதும் என்னைக் காட்டி 'வை-ஃபை பார்க்க வந்தவ' என்று சொன்னவர். இனசனத்துக்கு மகளின் கஷ்டம் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இடிக்குமாம். பிள்ளைக்கு வயது பதினொன்று. மகஜரை மூன்று தரம் வாசித்தார். நல்ல தமிழ் என்று பாராட்டினார். பேனாவை எடுத்தார், மூடினார், பிறகும் எடுத்தார். "சைன் வைக்கிறன் அக்கா, ஆனா ஆர் எண்டு வாசிக்க ஏலாத மாதிரி வைக்கிறன், கோவிக்காதேங்கோ."

சொந்தக் கையெழுத்தில்

மகஜரைப் பரீட்சைக் கந்தோரில் ஒருவர் வாங்கி, பிரிக்காமலே ஒரு தட்டில் வைத்தார். மகஜர் தேவையில்லையாம், படிவம் இருக்கிறதாம். படிவம் வாங்க ஒரு தரம், அதில் வைத்தியர் கையொப்பம் இல்லையென்று ஒரு தரம், வைத்தியரின் முத்திரை மங்கல் என்று ஒரு தரம். நாலாம் முறை ஸ்டெபனியும் தாயும் கூட வந்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கவுண்டரில் இருந்த சிங்கள இளைஞர் "பொட்டக் இன்ன மிஸ், கொஞ்சம் இருங்க" என்று என்னை நிறுத்திவைத்து, கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். கையால் எழுத முடியாததற்கான காரணத்தை விண்ணப்பதாரி தன் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும் என்று போட்டிருந்தது.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. அந்தக் கந்தோரின் வரலாற்றையே சொல்லத் தொடங்கினேன். ஸ்டெபனி என் சேலையைப் பிடித்து இழுத்து, படிவத்தை வாங்கிக்கொண்டு சுவரோரமாகக் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். தாய் காகிதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். மூன்று வரி எழுத முக்கால் மணித்தியாலம். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. இளைஞர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகம் மலர்ந்து, படாரென்று முத்திரை குத்தினார். "இப்படிக் கையால எழுதினாத்தானே மிஸ், கையால எழுத ஏலாது எண்டு எங்களுக்கு விளங்கும்!"

அழிக்க மாட்டேன்

மூன்று பேர் கொண்ட குழு ஸ்டெபனியை அழைத்து, தங்கள் முன்னால் எழுத வைத்துப் பார்க்கும் என்று கடிதம் வந்தது. குழு கூடுவதற்கு முதல் கிழமை ஃபர்ஸானா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். துண்டுப்பிரசுரங்களை எடுத்துவிட்டு வேறு தமிழ் போடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். முதலாளி கிழித்தான், பொலிஸ் பறித்தது, மழை கரைத்தது; என் பழைய கணினியும் செத்துப்போனது; அத்தனையும் தாண்டி அவை மிஞ்சியிருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். பசுக் கட்டுரையை நினைவூட்டினார். அது அந்தப் பொடியன் பார்க்காமல் அழுத்தியது, ஸ்டெபனி பார்த்து அழுத்துவாள் என்றேன். ஃபர்ஸானா சத்தம் போடுகிறவர் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார். "அக்கா, நீங்க புள்ளைக்காகச் சண்டை பிடிக்கிறீங்களா, உங்கட நோட்டீஸுக்காகச் சண்டை பிடிக்கிறீங்களா எண்டு எனக்கே இப்ப டவுட்."

மூடிய கதவு

குழுவுக்குத் தலைமை ஒரு தமிழ் அம்மா, கண்டிப்பான முகம். நகரங்கள் வளர்வதால் வரும் பிரச்சினைகளைப் பற்றி எழுதச் சொன்னார். ஸ்டெபனியின் தாயும் நானும் பின்னால் இருந்தோம். ஸ்டெபனி 'தொடர்மாடி' எழுதுவதற்கு 'தொ' தட்டினாள். திரையின் அடியில் ஐந்தும் வரிசையாக வந்து நின்றன: தொழிலாளர், தொழிற்சங்கம், தொழிலாளரே, தொண்டர், தொடர்வேலைநிறுத்தம். அவள் ஒன்றையும் தொடவில்லை. மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினாள். அடுத்த சொல்லுக்கும் அதே கதை. நேரம் போய்க்கொண்டிருந்தது. தலைமை அம்மா குனிந்து திரையைப் பார்த்து, 'இது யாருடைய சொற்கள்?' என்று கேட்டார்.

'என்னுடையவை' என்று எழுந்தேன். அதை நான் பெருமையோடு சொன்னேன் என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்பது முழுதாக ஞாபகமில்லை. உரிமை என்ற சொல் பல தரம் வந்தது. தலைமை அம்மா விண்ணப்பக் கோப்பை மூடத் தொடங்கினார். அப்போது ஸ்டெபனி விரலை எடுத்துவிட்டுத் திரும்பி, "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் வெளியில இருக்கிறீங்களா?" என்றாள். முதலாளிமார் என்னை வெளியே போகச் சொன்னபோதெல்லாம் கதவை உதைத்தவள் நான். அன்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து வாங்கில் உட்கார்ந்தேன்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. தாயும் மகளும் வெளியே வந்தார்கள். தாய்க்குக் கண் கலங்கியிருந்தது; உள்ளே நடந்ததை அவர்தான் சொன்னார். எந்தச் சொற்கள் இருந்தால் உங்களுக்குச் சம்மதம் என்று ஸ்டெபனி நேராகவே கேட்டிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் பாடப்புத்தகத் தமிழை மட்டும் போடுவோம், அதற்கு வெளியே ஒரு சொல்கூட வராது, பரீட்சைக்கு முதல் நாள் நீங்களே சோதித்துப் பூட்டி முத்திரை வையுங்கள் என்று அவளே வழியும் சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அங்கேயே ஒப்பம் வைத்துவிட்டார்கள். கடிதம் தபாலில் வருமாம். பரீட்சையை அவள் தானே எழுதுவாள். ஸ்டெபனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க நோட்டீஸ் ஒண்ணுகூட அதில இருக்காதுன்னு வாக்குக் கொடுத்திட்டேன், சொரி ஆன்ட்டி. நீங்களே அழிச்சிடுங்க, வேற யாரும் அதில கை வைக்க வேணாம்."

சங்கத்தின் எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் கடைசிவரை மேசையை விட்டு எழும்பாமல் இருந்து தோற்ற எனக்கு, ஒன்றிலாவது வெல்ல வெளியே போய் உட்கார வேண்டியிருந்தது.