இரட்டைத் தொகுதியைத் தேடிச் செஞ்சிக்குப் போனேன்

1961 டிசம்பர், ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குத் திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினேன். சுமார் பதினேழு மைல். சீட்டைக் கிழிக்கும்போதே கண்டக்டர், "கோட்டைக்கா சார்?" என்றார். இல்லை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெளியூர்க்காரன் கோட்டை பார்க்காமல் வேறு எதற்குச் செஞ்சிக்கு வருவான் என்பது அவர் எண்ணம்.

நான் தேடி வந்தது ஒரு சட்டசபைத் தொகுதியை. கோட்டைக்கு என்ன அவசரம், அது எப்போதும் மலைமேல் இருக்கும். இந்தத் தொகுதியோ பத்து வருஷம்கூட உயிரோடு இருக்கவில்லை. இரண்டே பொதுத் தேர்தல்கள் பார்த்தது. ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள், அதில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டவருக்கு என்று வைத்திருந்தார்கள். இந்த ஆண்டு சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லைகளையும் புதிதாகப் போட்டுவிட்டார்கள். தொகுதியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ஜெயித்தவர், தோற்றவர் எல்லாரும் விளக்கம் சொல்ல என் வீடு தேடி வந்துவிடுவார்கள். செஞ்சியை ஒட்டியது என்பது போதும்.

பதினொரு மணிக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் இறங்கினேன். நண்பர் சொல்லி அனுப்பிய மளிகைக்கடைச் செட்டியார் எனக்காகக் காத்திருந்தார். இரண்டு தேர்தலிலும் ஒரு வேட்பாளருக்கு ஓட்டுச்சாவடி ஏஜெண்டாக உட்கார்ந்தவர். அவரைவிட நல்ல சரித்திர ஆசிரியர் எங்கே கிடைப்பார்?

"ஆளுக்கு ரெண்டு சீட்டு குடுப்பாங்க சார். நிக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பொட்டி, மேல சின்னம் ஒட்டியிருக்கும். ஒரு சீட்ட ஒரு பொட்டியில போடணும், இன்னொண்ண வேற பொட்டியில போடணும். ரெண்டும் ஒரே பொட்டியில விழுந்தா ஒண்ணு செல்லாது."

"ஜனங்களுக்குப் புரிந்ததா?"

"எங்க வீட்லயே புரியல. எங்க போட்டேன்னு கேட்டா, ரெட்ட மாட்டுப் பொட்டியிலயேன்றா. ரெண்டையுமான்னேன். ரெண்டு மாடு இருக்குதே, மாட்டுக்கு ஒண்ணுன்றா." செட்டியார் சிரிக்கவில்லை. அந்தச் செல்லாத சீட்டு இன்னும் அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது.

அவரே தொடர்ந்தார். "பழையத விடுங்க சார். வல்லத்துக்குக் கெழக்க நைனாரு குடோனுக்கு இன்னிக்குச் சாயந்தரம் ஆபீசர் வராரு. அங்க சாவடி வருமா வராதான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். போய்ப் பாருங்க."

வல்லம் நான் காலையில் பஸ்ஸில் தாண்டி வந்த ஊர். வந்த வழியே திரும்பினேன். வல்லத்திலிருந்து மல்லாட்டை ஏற்றப் போகிற ஒரு கட்டை வண்டியில் இடம் கிடைத்தது. மல்லாட்டை என்றால் நம் வேர்க்கடலைதான். வண்டி போன மேட்டுக்கும் பள்ளத்துக்கும் என் இடுப்பெலும்பு தனியாக ஒரு கட்டுரை எழுதும்.

இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, குடோனிலிருந்து பெண்கள் மூட்டைகளைத் தலையில் வைத்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையை நடத்தியவள் பச்சையம்மாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்துக் காலனியில் இருப்பவள், மூட்டை தூக்கும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. குடோனுக்குச் சொந்தக்காரர் மேல்சித்தாமூரிலிருந்து வந்து குடியேறிய சமண வியாபாரி. எல்லாரும் அவரை நைனார் என்கிறார்கள். ஒரு நாள் ஓட்டுப்பதிவுக்குக் குடோனை விடச் சம்மதித்திருந்தார். அவரைச் சம்மதிக்க வைக்கத் தனக்கு ஒரு மாதம் பிடித்தது என்றாள் பச்சையம்மாள்.

"இதுவரை எங்கே ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் எங்க போட்டேன்? மொத தபா பேரு எழுத வந்தாங்க. எங்க வீட்டு ஆம்பள, 'எம் பொண்டாட்டி'ன்னு எழுதிக்க சொல்லிட்டாரு. பேரு இல்லாத பொம்பளைக்கு ஓட்டு இல்லன்னு அடிச்சிட்டாங்க. ரெண்டாந்தபா பேரு இருந்துச்சு. சாவடி ஆத்துக்கு அக்கரையில, நாலு மைலு. கைப்புள்ளக்காரிங்களக் கூட்டிக்கிட்டு நடந்து போய்ச் சேந்தா, கதவச் சாத்திட்டாங்க."

எல்லைகள் மாறுவதால் சாவடிகளையும் புதிதாகத் தீர்மானிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் விழித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை விட்டால் மறுபடி அக்கரைதான். ஒரு தொகுதி செத்துப்போனதில் ஒருத்திக்கு நம்பிக்கை பிறக்கும் என்று பட்டணத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரியின் ஜீப் ஐந்தேகால் மணிக்கு வந்தது. மனிதர் உள்ளே போய் நீள அகலம் பார்த்தார். வெளிச்சம் போதும் என்றார். பச்சையம்மாள் முகம் மலர்ந்தது. பிறகு நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெளியே போக வாசல் எங்கே?" என்றார்.

வாசல் ஒன்றுதான். ஒரு கடலைகூடத் தன் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது என்று நைனார் கட்டிய குடோன் அது.

"ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போகணும். ஒரே வாசல்னா கூட்டம் முட்டிக்கும். நான் ராத்திரிக்குள்ள முடிவு சொல்லணும், அக்கரைப் பள்ளிக்கூடமே இருக்கட்டும்" என்று அதிகாரி ஜீப் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் இருங்க சார், செவுரத் தெறக்கலாமான்னு நைனாரக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று பச்சையம்மாள் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். குடோனை ஒட்டியதே நைனாரின் வீடு. அவர் கூடத்தில் இலைமுன் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சமணர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். நைனார் அதற்கு மேலும் ஒரு நியமம் வைத்திருந்தார்: இலையில் உட்கார்ந்தால் பேசமாட்டார். வாய் திறந்தால் சாப்பாடு முடிந்தது, இலையை விட்டு எழுந்துவிட வேண்டும். அப்புறம் மறுநாள் காலை வரை பட்டினிதான். வெயில் ஏற்கெனவே கூரைமேல் ஏறிவிட்டது, பொழுது சாய அதிக நேரம் இல்லை. இலையில் பாதிச் சோறு இருந்தது.

பச்சையம்மாள் வாசற்படிக்கு வெளியே நின்றபடி நிதானமாகக் கேட்டாள்: "நைனாரே, பின்பக்கச் செவுத்துல ஒரு வாசல் எடுக்கறோம். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

நைனார் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் பெரிதாகின. வாய் திறக்கவில்லை. அவர் மனைவி முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டு சாம்பாரை ஊற்றினார்.

"சரிங்க நைனாரே" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிவிட்டாள். அவர் பேசமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டாள்.

"முதலாளி ஒத்துக்கிட்டாரா?" என்று அதிகாரி கேட்டார்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல சார்."

அதில் பொய் எங்கே இருக்கிறது? கடப்பாரை வந்தது. மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய சுவர், நாலைந்து அடியிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. அதிகாரி புழுதிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார், ஆனால் நின்றார். ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த சமயம், கை கழுவிய ஈரத்தோடு நைனார் வந்து சேர்ந்தார். பெண்கள் அப்படியே ஒதுங்கினார்கள். கடப்பாரை பச்சையம்மாள் கையில் இருந்தது.

நைனார் ஓட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்றால் அதிகாரி அந்த நிமிஷமே புறப்பட்டுவிடுவார்.

"நான் சாப்புடற நேரம் பாத்து வந்தியா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள். மழுப்பவில்லை.

நைனார் ஓட்டைக்குப் பக்கத்தில் போய்த் தன் தோள் அகலத்தை அதில் வைத்துப் பார்த்தார். "இன்னா வாசல் இது? இடுப்புல புள்ளைய வச்சிக்கிட்டு ஒருத்தி எப்படி வெளிய வருவா? இன்னும் ரெண்டு சாண் இடிங்க" என்றார்.

மறுபடி கடப்பாரை விழுந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். இருட்டுவதற்குள் ஜீப் போய்விட்டது.

நான் வல்லத்துக்கு நடந்து போய்க் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பட்டணத்தில் எங்கள் தெருக் கோடியிலேயே சாவடி இருக்கிறது. மாவரைக்கப் போகிற வழியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இனி அந்த நாளில் எனக்கு இந்த ஊர் ஞாபகம் வரும்.

விடைபெற்றுக்கொள்ளப் போனேன். பச்சையம்மாள் பெண்களை வரிசையாக நிற்க வைத்திருந்தாள். கைக்குழந்தைக்காரிகள் முன்னால். ஓட்டுப் போட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர்கள் ஒவ்வொருத்தியாகப் பழைய வாசலில் நுழைந்து, புது வாசலில் வெளியே வந்து, ஓடிப்போய் மறுபடியும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.