மாமா அளந்த இடது கால்

முதல் உலகப் போர் என்று பிறகு பேர் வைத்த பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து, அதில் சிப்பாயாக இருந்த என் அம்மாவின் தம்பி பினாங்கில் கப்பல் இறங்கி, மலாயாவில் சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். வலது கால் சதை, இடது கால் மரம். பீரங்கிக் குண்டு கொண்டுபோய்விட்டது என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்தது நான்தான். முதல் நாள் தேங்காய் அளவில் இருந்த குண்டு, வாரக் கடைசியில் கோயில் அண்டா அளவுக்கு வளர்ந்திருந்தது. மாமா மறுக்கவில்லை. கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான்.

அவரோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. சண்டையில் கை கால் போனவர்களுக்குத் தொழில் பழக்க, பம்பாய்ப் பக்கம் சர்க்கார் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்ததாம். சிலர் தையல் படித்தார்கள், சிலர் மோட்டார் ரிப்பேர் படித்தார்கள். மாமா படித்தது மேஜோடு பின்ன. காலுறையை அப்போது அப்படித்தான் சொல்வோம். பெட்டிக்குள் இருந்தது, விளிம்பெல்லாம் ஊசி நிற்கும் ஓர் இரும்புக் குவளை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அதன் அடியிலிருந்து பின்னல் நீளமாக இறங்கும்.

“கால் இல்லாதவங்கல்லாம் வரிசையா உக்காந்து, கால் இருக்கறவங்களுக்குப் பின்னுவோம் அக்கா. அந்தக் கூத்தை நீ பாக்கணுமே!” என்று மாமா அம்மாவிடம் சொல்வார்.

எங்கள் தோட்டத்தில் மேஜோடு போடுகிறவர்கள் இரண்டே பேர். தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை, சீமையிலிருந்து வரவழைத்துக்கொள்வார். ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி, துரை கண்ணில் படுகிற நாளில் மட்டும் போடுவார். மற்றவர்களுக்கெல்லாம் பிறந்தபோது வந்த தோல்தான் மேஜோடு.

“பால் வெட்டுற கத்தி தீட்டவாச்சும் கத்துக்கிட்டு வந்திருக்கலாம்லா மச்சான்” என்றார் அப்பா.

கங்காணி வந்து அதையே நீட்டிச் சொன்னார். “வேல இல்லாத ஆள கூலிக்காரங்க லயத்துல வச்சிருக்க தொரை ஒத்துக்க மாட்டாரு. தீவாளி வரைக்கும் பாப்பாரு. அப்புறம் கப்பல்தான்.”

மாமாவுக்கு உறவென்று இருந்தது அக்காவான என் அம்மா ஒருத்திதான். அவளும் இங்கே இருந்தாள், ஊரில் யாருமில்லை. அன்று அம்மா வைத்த குழம்பில் உப்பில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நான் இந்தக் கவலையில் எல்லாம் சேரவில்லை. எனக்குத் தனிக் கவலை வந்துவிட்டது. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தால் மாமா, “மாப்ளே, காலை நீட்டு” என்பார். இடது காலைப் பிடித்து மடியில் வைத்து, நாடாவால் அளப்பார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்கை எல்லாம் உற்றுப் பார்ப்பார். மறுநாளும் அதே கால்தான்.

என் அக்கா சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள். “மாமாவுக்கு எந்தக் கால் இல்ல?”

“இடது.”

“உனக்கு எதை அளக்குறாரு?”

கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் போனது. எங்கள் நாற்றுமேட்டில் அப்போதுதான் ஒட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு சீவி, இன்னொரு கன்றில் பதித்து, துணி சுற்றிக் கட்டுவார்கள். சில நாளில் பிடித்துக்கொள்ளும். மரத்தில் மரம் ஒட்டும் என்றால் மாமாவின் மரக்காலில் என் கால் ஒட்டாதா? பம்பாய்ப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்காமலா விட்டிருப்பார்கள்?

பயத்திலும் எனக்கு மூளை வேலை செய்தது. நோஞ்சான் மரத்திலிருந்து ஒட்டு எடுக்கமாட்டார்கள். எனவே மறுநாள் காலை, அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனதும், இடது காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

மாமா சுற்றிக்கொண்டிருந்த கைப்பிடி நின்றது. “எங்க வலிக்குது?”

“எல்லா எடத்துலயும்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே உண்மையாக வலிப்பதுபோல் இருந்தது. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செம்மண் பாதையில் மரக்கால் வழுக்கியது. மூச்சு உலைத் துருத்தி மாதிரி வாங்கியது. பாதை நேராக நாற்றுமேட்டுக்குப் போகிறது! கண்ணை மூடிக்கொண்டு, என் காலை எடுக்கப்போகிற மனிதரின் கழுத்தையே இறுகக் கட்டிக்கொண்டேன்.

நாற்றுமேடு தாண்டியது. மாமா நின்ற இடம் தோட்டத்து ஆஸ்பத்திரி.

அங்கே வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டிரசர் ஐயா என் காலை முறுக்கி, மடக்கி, தட்டிப் பார்த்தார். “இதில ஒரு பிழையும் இல்லை. நல்ல கால்.”

“இன்னொரு தரம் பாருங்கய்யா. வெரலுக்கு நடுவுல பாருங்க.”

“பாத்தாச்சுப்பா. அருமையான கால்!”

போச்சு. சர்க்கார் முத்திரையே விழுந்துவிட்டது. மாமா என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பொருத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“புண் எண்டால் அங்க பார்” என்று டிரசர் விசிப்பலகையைக் காட்டினார். பால் வெட்டுகிற ஆண்களும் பெண்களும் காலில் கந்தல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “அட்டை கடிக்குது, சொறியுதுகள், சீழ் பிடிக்குது. பாதிச் சனம் இங்க கிடக்குது, துரை என்னை ஏசுறார்.”

மாமா தலையைத் தூக்கி அந்தக் கால்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து முரட்டு நூல் மேஜோடு ஒன்றை எடுத்து, என் இடது காலில் மாட்டித் தொடை வரை இழுத்துவிட்டார்.

துணி சுற்றுகிறார்! நான் போட்ட அலறலில் ஆஸ்பத்திரிச் சேவல் கூரைக்குப் பறந்தது.

“ரெட்ட நூலுங்கய்யா. இறுக்கிப் பின்னிருக்கேன். வேணும்னா ஒரு அட்டைய விட்டுப் பாருங்க.”

டிரசர் ஓர் அம்மாளின் கணுக்காலில் ஊர்ந்துகொண்டிருந்த அட்டையை எடுத்து என் மேஜோட்டின்மேல் விட்டார். அது ஏறியது, இறங்கியது, வாய் வைத்து வைத்துப் பார்த்தது. கடைசியில் நொந்துபோய்க் கீழே விழுந்தது.

“எனக்கு ஒண்ணு குடு தம்பி. கூடவே இந்தப் பையனையும் அனுப்பு, இவன் போடுற சத்தத்துல அட்ட காட்டை விட்டே ஓடிரும்” என்றாள் அந்த அம்மாள்.

டிரசர் சிரிக்கவில்லை. மேஜோட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். “வா, துரையிட்ட காட்டுவம்” என்றார்.

தீபாவளி வந்தது. கப்பல், மாமா இல்லாமலே போனது. ஸ்டோர் பக்கத்தில் அவருக்கு ஒரு கொட்டகை கிடைத்தது, நாளெல்லாம் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்கும்.

மாமாவின் காலைக் கொண்டுபோனது குண்டு இல்லை என்று வெகுகாலம் கழித்து அம்மா சொன்னாள். நனைந்த பூட்சுக்குள் மேஜோடு இல்லாத கால், விரலிடுக்கில் ஒரு கொப்புளம். நாளைக்கு டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம்.

அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலமும் மாமா, “மாப்ளே, காலை நீட்டு” என்றார். தப்பிக்க வழியில்லை என்று நீட்டிவிட்டேன். அவர் வெறுங்கையோடு விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அளப்பதற்கு மறந்துவிட்டார்போல என்று, நாடாவை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.