கதவைச் சாத்திக்கொண்ட பதினெட்டுப் பேர்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அப்பாவின் விரல்களில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த வாசனை அடிக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்களில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கையாலேயே எனக்குச் சோறு பிசைந்து தருவார். அன்றைக்கு அவர் முகத்தில், துறைமுகத்திலிருந்து முதுகு வலியோடு திரும்பும் மற்ற நாள்களில் பார்க்கவே முடியாத ஓர் அமைதி இருக்கும்.

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகள் முடிகிற இடத்தில், திடலை ஒட்டி, தகரக்கூரை போட்ட ஒரு பலகைக் கொட்டகை இருந்தது. அப்பாவும் அவரோடு கப்பல் சரக்கு இறக்கிய பதினேழு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அங்கே கூடுவார்கள். ஜன்னல்களை அடைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குத் திறக்கமாட்டார்கள். மனைவி, பிள்ளைகள் யாருக்கும் அனுமதியில்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். அவர்களே வைத்த பெயர் ஏதோ சகோதரர் சபை என்று முடியும். ஊர் வைத்த பெயர் "கதவடைச்சான் சங்கம்".

ஊரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு, விரலைக் கீறி, பையன்களைச் சேர்த்துக்கொள்ளும் "கேங்" எங்கள் பக்கத்தில் உண்மையிலேயே இருந்தது. அதில் போய்த் தொலைந்த ஒரு பிள்ளையின் பெயர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சொல்லப்படாமல் கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பதினெட்டு ஆண்கள் பித்தளைச் சொம்பில் சிவப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டால், சற்று நேரத்தில் ஆடு கத்துவதைப் போலவும் யாரோ முனகுவதைப் போலவும் சத்தம் வந்தால், நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். வெளியில் பேசியவர்களுக்குச் சந்தேகம் மட்டும்தான்; எங்கள் அம்மாவோ காயப்பட்டிருந்தார். "பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாதது அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்பார். அப்பா எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "சொன்னா என் மானம் மட்டும் போகாது. பதினேழு பேரு மானம் சேர்ந்து போகும்."

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளியில் என் தோழி தன் அப்பா புதிதாக வாங்கிய காரைப் பற்றி ஓயாமல் பீற்றிக்கொண்ட ஒரு நாள், நானும் ஏதாவது பெரிதாகச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் அப்பா சங்கத்தில் சொம்பு நிறைய ரத்தம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்து, நானே எட்டிப் பார்த்ததாகவும் சேர்த்துக்கொண்டேன். நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, சபை கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எதிர்வீட்டு மலர் ஆன்டியின் ஐந்து வயது மகன் தினேஷ் திடலில் விளையாடப் போனவன் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பவில்லை. மலர் ஆன்டி கணவரைப் பிரிந்து, தையல் வேலை செய்து, அவனை ஒற்றையாய் வளர்த்துக்கொண்டிருந்தவர். போலீஸில் புகார் கொடுத்தார்கள். கால்வாய்களில் இறங்கிப் பார்த்தார்கள். அப்பாவும் மோட்டாரில் ஏறிக்கொண்டு காப்பார் சாலை வரைக்கும் தேடிவிட்டு வந்தார். நாலு மணிக்கு மேல் யாரோ, அவனைக் கடைசியாகப் பார்த்தது கொட்டகைப் பக்கம்தான் என்றார்கள். என் தோழியின் அம்மா, மகள் எப்போதோ வந்து சொன்னதை அப்போது எடுத்துச் சொன்னார். ரத்தம் என்ற சொல் எங்கள் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எப்படித்தான் அவ்வளவு வேகமாகப் போனதோ!

கொட்டகைக் கதவை உடைத்தார்கள். உள்ளே சுருட்டி வைத்த பாய்கள், ஒரு பித்தளைச் சொம்பு, கொடியில் வரிசையாகக் காயப்போட்ட சிறு துண்டுகள், இவ்வளவுதான் இருந்தன. சிவப்புக் கறை படிந்த ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைங்க வாயக் கட்டத்தான் இது!" என்று ஒருவன் கத்தினான். ரத்தக் கதை கிளம்பியது எங்கள் வீட்டிலிருந்து என்பதால், கூட்டம் அப்படியே எங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பியது.

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்பா ரத்தம்னு சொன்னேன், பொய்தாம்பா சொன்னேன்" என்று அழுதேன். அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சொல்லிடுங்க. இனிமேலாவது சொல்லிடுங்க" என்று கெஞ்சினார். அப்பா கைகளை உருவிக்கொண்டு வெளியே போனார்.

மலர் ஆன்டி தார்ச்சாலையில் அப்படியே விழுந்து அவர் கால்களைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, எது வேணா செஞ்சுக்குங்க, என் பிள்ளைய மட்டும் குடுத்துடுங்கண்ணே. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேண்ணே." அப்பா குனிந்து அவரைத் தூக்கப் பார்த்தார், பிடியை விடுவிக்க முடியவில்லை. பிறகு நிமிர்ந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்: "உள்ள உக்காந்து அழுவோம்மா. வேற ஒண்ணுமில்ல. ஒவ்வொருத்தனா மனசுல உள்ளத, பயத்த, அவமானத்த, யாருகிட்டயும் சொல்ல முடியாதத சொல்லுவோம். அழுதவன் நெத்தியில ஆரத்தித் தண்ணி வெச்சு அனுப்புவோம். அந்தத் துண்டு மூஞ்ச தொடைக்க. இங்க நின்னு நேரத்த வீணாக்காதீங்க. போய் பிள்ளைய தேடுங்க."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே பரவியது. "பொய் சொல்லாதீங்க லா அண்ணே. ஆம்பளைங்க கூடி அழுறதுக்கா கதவச் சாத்துறீங்க?" என்றார்கள். கூட்டத்தில் ராஜு அங்கிள் நின்றிருந்தார். அப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், மாதம் தவறாமல் அவரோடு சேர்ந்து சபைக்கு நடந்துபோகிறவர். "நீங்களும் அந்தச் சங்கம்தானே அங்கிள்? இவரு சொல்றது உண்மையா?" என்று ஓர் இளைஞன் கேட்டான். ராஜு அங்கிள் தன் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது பா. நான் ரெண்டு தடவதான் போயிருப்பேன்" என்றார்.

அப்பாவின் மேல் முதல் கல் அதற்குப் பிறகுதான் விழுந்தது. அம்மா அவரை இழுத்து உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார். போலீஸ் வண்டி வந்து கூட்டம் கலையும் வரைக்கும், நெற்றியில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் அப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் மலர் ஆன்டிக்கு ஈப்போவிலிருந்து தொலைபேசி வந்தது. பிரிந்துபோன கணவன்தான் வந்து திடலிலிருந்து தினேஷை அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். பையனுக்கு ஒரு குறையும் இல்லை. மலர் ஆன்டி எங்கள் வேலிக்கு வெளியே வந்து நெடுநேரம் நின்றார்; அம்மா கதவைத் திறக்கவில்லை. மற்றவர்கள் வரவே இல்லை. அப்போதும் பேச்சு நிற்கவில்லை. "இந்தத் தடவ பையன் தப்பிச்சான்" என்று ஓட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டே யாரோ சொன்னதாக எங்கள் காதுக்கே வந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் ஊர் தன்னுடைய பயத்தையெல்லாம் கொண்டுபோய் வைத்திருந்தது. கதவைத் திறந்து காட்டியபோது அந்தப் பயத்தின் அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, அதனால் நம்ப முடியவில்லை. பத்து வயதில் நானும் அதைத்தானே செய்தேன்? தெரியாத இடத்தில் எனக்கு வேண்டியதை வைத்தேன்.

அடுத்த மாத முதல் ஞாயிறன்று அப்பா குளித்து, வேட்டி கட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பதினேழு பேரில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுடைய அழுகையை அவர் தெருவில் போட்டு உடைத்துவிட்டார் என்பது அவர்கள் கோபம். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தார். அதற்குப் பிறகு இறக்கும் வரைக்கும் ஒன்பது வருடம் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அவர் அழுது நான் பார்க்கவில்லை. பேசியும் அதிகம் கேட்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று லோரிகளுக்கு டயர் மாற்றும் கடை இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். என் கணவர் சாயங்காலம் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகும், இறங்காமல் அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச மாதமாகத்தான் இப்படி. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல லா, கொஞ்சம் களைப்பு" என்கிறார். ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து கண்ணாடிக்குள் குனிந்திருக்கும் அவர் தலை மட்டும் எனக்குத் தெரிகிறது. அவரை எங்கே போகச் சொல்வது?