மூன்று நாள் அடுக்களை

எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. ஆனால் நான் சமைக்கும்போது அவள் ஒருநாள்கூட அடுக்களைக்குள் இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் எங்கள் ஒரே மகளைக் கீழப்பாவூரில் கட்டிக் கொடுத்தோம். அதன்பிறகு தென்காசி வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டுக்குத் தூரம். புறவாசல் சாய்ப்புக் கூரையின் கீழ் ஒரு பாய், ஒரு செம்பு, ஒரு தட்டு, அவ்வளவுதான் அவளுக்கு. அடுக்களைக்குள் வரக் கூடாது. யாரையும் தொடக் கூடாது, எதையும் தரையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். செடிகொடியைத் தொட்டால் அவரைக்கொடி பூவை உதிர்த்துவிடும், கறிவேப்பிலை பட்டுப்போகும் என்று எங்கள் தெருவே சத்தியம் செய்யும். மகள் இருந்தவரை அந்த நாட்களில் மகளே பொங்கினாள். அவள் போன பிறகு வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டம்மாள் தூக்குச்சட்டியில் குழம்பு அனுப்பினாள். தங்கமான மனுஷி. குழம்புதான் வாயில் வைக்க விளங்கவில்லை. மறுநாள் நானே அடுப்பைப் பற்றவைத்தேன்.

அடுக்களைச் சன்னலுக்கு நேர் வெளியே சாய்ப்பு. அவளால் சட்டியைப் பார்க்க முடியாது. ஆனால் வாசனையும் சத்தமும் போதும் அவளுக்கு.

"பருப்பு அடி பிடிக்குது, கிண்டுங்க."

கிண்டுவேன்.

"கடுகு வெடிச்சிட்டு. இன்னும் என்னத்தப் பாத்துட்டு நிக்கீய?"

"நீதான் உள்ள வந்து செய்யேன்" என்று எரிந்து விழுவேன்.

"வரக்கூடாதுன்னுதானே இங்கன கெடக்கேன்" என்று அவள் சிரிப்பாள்.

இப்படியே நாலைந்து மாதத்தில் கை பழகிவிட்டது. அந்த நாட்களில் விடியற்காலையிலேயே எழுந்து கிணற்றுத் துலாவில் தண்ணீர் இறைப்பேன். எனக்கு வாய்வுத் தொந்தரவு உண்டு. நன்றாக நட, நன்றாகக் குனிந்து நிமிர் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். துலாக்கம்பைப் பிடித்து இருபது வாளி இறைத்தால் வைத்தியமும் ஆயிற்று, கத்தரிப் பாத்தியும் நனைந்தது. புடலங்காயின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவேன். கையெட்டும் உயரத்தில் கிடைக்கிற அவரைக்காயையும் வெண்டைக்காயையும் பறித்து, ஈரம் காயுமுன் நறுக்கிவிடுவேன். பாயில் உட்கார்ந்தபடியே அவள் மேற்பார்வை பார்ப்பாள். "அந்த வெண்டை முத்திட்டு, விதைக்கு விடுங்க" என்பாள். அவளுக்கு நான் ஆக்கிப்போடுவது பெரும்பாலும் உளுந்தம்பருப்புச் சோறு. கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, அரிசியும் பூண்டும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொங்குவது. இடுப்புக்குப் பலம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும் அவியலும். சாப்பிட்டுவிட்டுக் காற்று வரும் பக்கம் தலைவைத்துப் படுத்தாளானால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

எனக்கு அந்த மூன்று நாட்கள் பிடித்திருந்தன. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, அப்போது இருந்தது. கச்சேரியில் யாரோ எழுதியதை நகல் எடுத்துத்தான் என் காலம் போயிற்று. அடுக்களையில் ஒரு அவியல் நன்றாக வந்தால் அது முழுக்க முழுக்க என்னுடையது.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வருவாள். வந்ததும் முதல் கேள்வி, "உப்பு மரவைய எங்கன ஒளிச்சு வச்சீய?" அத்தோடு என் ராஜ்யம் முடிந்தது.

பத்து வருஷம் இப்படி ஓடிற்று. பிறகு ஒரு மாதம் தள்ளிப்போனது, அடுத்து இரண்டு மாதம், அப்புறம் நின்றே விட்டது. "இனி ஒங்களுக்கு நிம்மதி, மதினி" என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள். என் மனைவியும் தலையை ஆட்டினாள். நான் புறவாசலில் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கரண்டி போயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒருநாள் வெட்கத்தை விட்டு, "இன்னைக்கு நான் பொங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு! நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீங்க கரண்டி பிடிச்சா நாலு பேர் என்ன சொல்லுவாவ? எனக்குக் கையா காலா விளங்கல?"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அவள் மாதம் முப்பது நாளும் பொங்கினாள். மத்தியானத்தில் அவள் சாய்ந்து நான் பார்க்கவில்லை. தோட்டத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். தண்ணீர் இறைப்பது மட்டும் எனக்கு. நான் சாப்பிட உட்கார்ந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "பெருங்காயம் ஒரு பொட்டுக் கம்மி" என்பேன். அவள் முறைப்பாள். அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டை பத்து வருஷத்துக்கும் சேர்த்துக் காணும்.

நடை ஒன்றுதான் எனக்கென்று மிஞ்சியது. முன்பு இலஞ்சிக்குப் பிரியும் விலக்கு வரை போய்த் திரும்புகிறவன், இப்போது விடுமுறை நாட்களில் குற்றாலம் வரைக்கும் நடக்க ஆரம்பித்தேன். அந்த ஆனியில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. எங்கு பார்த்தாலும் வெளியூர்க் கூட்டம். மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி வைத்து ஆண்கள் கூச்சமில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தோடு வந்த ஒரு மதுரைக்காரர் குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார், காய் வேகும் முன்னாலேயே. எனக்குப் பொறுக்கவில்லை.

"காய் வேகட்டும் சார், புளியை இப்பவே விட்டா காய் வேகாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கரண்டியை நீட்டி, "நீங்களே பாத்துக்கங்க" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாரலுக்கு நடுவே புகை கண்ணைக் கரித்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அருவியில் குளிக்க வந்த பக்கத்து வீட்டம்மாள் இதைப் பார்த்துவிட்டாள். நான் நடந்து வீடு சேரும் முன்னே அவள் வண்டியில் வந்து சேர்ந்து, சுவருக்கு மேலாகச் சேதியைச் சொல்லியாயிற்று.

"மதினி, அண்ணாச்சி குத்தாலத்தில யாரோ ஊர்பேர் தெரியாத கூட்டத்துக்குக் கொழம்பு கிண்டிட்டு நிக்காவ! அந்தச் சிரிப்ப நீங்க பாக்கணுமே!"

நான் வந்தபோது என் மனைவி மணையை எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டாள். நான் பெருங்காயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, "அவ்வளவு சிரிச்சீயளாமே" என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

மறுநாள் விடிந்து எழுந்தால் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. பதறிப் புறவாசலுக்கு ஓடினேன். சாய்ப்பில் பழைய பாய் விரித்திருந்தது. பக்கத்தில் செம்பும் தட்டும். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது?"

"தெரியலையா? தூரம்."

"நின்னு ஒரு வருஷமாச்சே…"

அவள் சுவர்ப்பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே பக்கத்து வீட்டம்மாள் தலை தெரிந்தது. உடனே குரலை உயர்த்தி, "ஆமா, திரும்ப வந்துட்டு. சிலருக்கு அப்படி வருமாம். மூணு நாளைக்கு இவுகதான் பொங்கணும்" என்றாள். பக்கத்து வீட்டம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் நம்பினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். "என்ன பொங்க?" என்றேன்.

"என்ன கேள்வி இது? உளுந்தம்பருப்புச் சோறு."

வறுத்தேன், பொங்கினேன், எள்ளை அரைத்தேன். சன்னலுக்கு வெளியே சத்தமே இல்லை. அடி பிடிக்கிறது, கிண்டுங்கள் என்ற குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். காற்று வரும் பக்கம் தலைவைத்து அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக நான் என் கரண்டியை நினைத்தே பொருமிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு பாய் போயிருந்தது என்பது அந்தச் சன்னலில் நின்றபோதுதான் புரிந்தது.

அவியலை இறக்கித் தேங்காயெண்ணெய் விட்டபோதுதான் கறிவேப்பிலை பறிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. புறவாசலுக்கு வந்தேன். சத்தம் கேட்டு அவள் எழுந்தாள். மரம் அவள் பக்கத்தில்தான் நின்றது. சுவர்ப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு எட்டி ஒரு கொத்தை ஒடித்து, தரையில் வைக்காமல், என் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

"என்ன முழிக்கீய? சூடு ஆறுறதுக்குள்ள போடுங்க."