ஜன்னலில் கட்டிய காப்பு

எனக்கு இளைப்பு வந்தது ஒரு மார்கழியில். எங்கள் வீட்டுச் சுவருக்கு வியர்க்க ஆரம்பித்ததும் அதே மார்கழியில்தான். இரண்டையும் குணப்படுத்தும் பொறுப்பை அப்பா ஒருவரே ஏற்றுக்கொண்டதுதான் சிக்கலாகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊரான கணபதியில் அப்பா ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே புதிதாகக் கட்டிய வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை. பனிக்காற்று பட்டால்தான் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று யாரோ சொல்லப்போக, அப்பா அறையின் ஒரே ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டிவிட்டார். பட்டறைக்காரர் வேலை, எறும்பு நுழைய வழியில்லை. சாயங்காலமானால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கொண்டுவந்து, அதே அறையில் என்னை ஆவி பிடிக்க வைப்பார். வெளியே காயாத துணிகளுக்கும் உள்ளேயே கொடி கட்டினார். பாவம், எல்லாம் எனக்காகத்தான்.

விடிந்து பார்த்தால் சுவரெங்கும் முத்து முத்தாக நீர். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். தலையணை நமுத்துப்போய் நாறியது. இளைப்போ குறைவதற்குப் பதிலாகக் கூடி, நான் பள்ளிக்கூடம் போவதே நின்றுபோனது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று அப்பா ஏறிப் பார்த்தார். அங்கே காய்ந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் கொத்தனாரைத் திட்டினார். பிறகு தினமும் காலையில் தன் பழைய வேட்டியால் சுவரைத் துடைத்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார்.

அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது சமையலறையில்.

"ஏனுங்க, இங்க நாள் பூரா உலை கொதிக்குது, செவுரு காஞ்சேதான் கெடக்குது. ஜன்னல் தொறந்திருக்குதில்லீங்களா? அங்கயும் கொஞ்சம் தொறந்து உட்டா ஈரம் வெளிய போயிருமுங்க" என்றாள்.

"புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?" என்று அப்பா கேட்டார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள். மரியாதையாக 'சரிங்க' என்று சொல்லிவிட்டு, நினைத்ததைச் செய்துவிடுவார்கள்.

மார்கழியின் கடைசி நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகுவோம். கட்டியதை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். அந்த வருடம் ஜன்னலுக்கும் கட்டியாக வேண்டும் என்றாள் அம்மா. சாமி காரியத்தில் அப்பா குறுக்கே நிற்கிறவரல்ல. காகிதத்தைத் தானே கிழித்து, ஜன்னலைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். வாசலுக்கு ஒரு பிடி செருகிய அம்மா, ஜன்னல் கம்பிக்கு ஒரு பெரிய கத்தையையே கட்டினாள். காம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பொழுது சாய்ந்ததும் அப்பா வந்து ஜன்னல் கதவை இழுத்தார். காம்பில் இடித்து, நாலு விரல் இடைவெளியோடு அது நின்றுவிட்டது. அவர் கை கத்தையின் மேல் போனது.

"காப்ப அவுக்கக் கூடாதுங்க" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். பிறகு தன் பாயை எடுத்துவந்து ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் விரித்தார். தை முழுக்க அங்கேதான் படுத்தார். பனிக்காற்று முதலில் அவர் முதுகில்தான் பட்டது. இருமலும் அவருக்குத்தான் வந்தது.

சுவர் மெல்லக் காய்ந்தது. அம்மா பூசணத்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தாள். எனக்கும் இளைப்பு அடங்கி, மறுபடி பள்ளிக்கூடம் போனேன். எல்லாம் ஆவாரம்பூவின் மகிமை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூச்சு இழுக்கிற இன்னொருத்திக்கு இரண்டு காய்ந்த பூக்களைத் தானமும் செய்தேன். யாருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. நெஞ்சு நிறைய மூச்சு விடும்போதெல்லாம் அம்மா, அப்பா இரண்டு பேரையும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த காப்புக்கட்டுக்கு அப்பாவே போய்ப் பூப்பறித்து, ஒரு சுமை கொண்டுவந்து இறக்கினார்.

"அம்மணி, ஜன்னலுக்குக் கட்டறத நல்லாப் பெருசாவே கட்டச் சொல்லு உங்கம்மாள" என்றார்.

அப்பாவுக்குப் பக்தி கூடிவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.